ஈ-ரீடரில் (மின்னூல் படிக்கும் கருவி) சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும் என்கிறார்களே, என்னுடையது மூன்றே நாளில் தீர்ந்துவிடுகிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

முதலில் அந்த வாரக்கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். தினம் அரை மணி நேரம் படித்தால், வைஃபையை அணைத்து வைத்தால் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆறு வாரம் என்றால் 42 நாள், அதாவது மொத்தமே 21 மணி நேர வாசிப்பு. தினம் நான்கு மணி நேரம் படிக்கிறவருக்கு அது ஐந்து நாளில் தீர்ந்துவிடும். அதில் பேட்டரியின் குற்றம் எதுவும் இல்லை.

அவ்வளவு படிக்காமலே காலியாகிறது என்றால் கதை வேறு. எனக்கும் அப்படி நடந்தது. இரண்டு வருடம் ஒழுங்காக இருந்த கருவி, இரவு 80 சதவீதத்தில் மூடி வைத்தால் காலையில் 50 காட்டியது. பேட்டரி போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் விடிகாலையில் உறையைத் திறந்து கையில் எடுத்தால், பின்பக்கம் இளஞ்சூடாக இருந்தது. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த கருவிக்கு எங்கிருந்து சூடு?

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முந்தின வாரம் ஒரே மூச்சில் இருநூற்றுச் சொச்சம் புத்தகங்களை ஏற்றியிருந்தேன். (படிக்கப் போவது பத்துகூட இல்லை, அது வேறு விஷயம்.) புதுப் புத்தகம் ஏறினால், தேடல் வசதிக்காக அதிலுள்ள சொற்களையெல்லாம் கருவி பின்னணியில் அட்டவணை போடும். கோப்பு ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அதிலேயே திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக ஏற்றியதைப் பாதி பாதியாக அழித்துப் பார்த்தேன். கடைசியில் மாட்டியது, பாதியில் டவுன்லோட் நின்றுபோன ஒரு பிடிஎஃப். அதைத் தூக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்த அன்று இரவு ஒரே ஒரு சதவீதம்தான் இறங்கியது.

ஈ-ரீடரில் இருப்பது உண்மையில் சின்ன பேட்டரி. போனில் 5000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) இன்று சர்வசாதாரணம். இதில் பெரும்பாலும் 1500-ஐ ஒட்டித்தான் இருக்கும். நாள்கணக்கில் தாங்குவது ஈ-இங்க் திரையின் புண்ணியம். பக்கம் புரளும்போது மட்டும்தான் அது மின்சாரம் கேட்கும். புரண்ட பக்கம் மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கும். ஆனால் முன்விளக்கு, வைஃபை, ப்ளூடூத், பிராசஸர் எதற்கும் அந்தச் சிக்கனம் தெரியாது.

அதனால் ரீஸ்டார்ட் செய்து, ஏர்ப்ளேன் மோடில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அப்போதும் மளமளவென்று இறங்கி, தொட்டால் சூடாகவும் இருந்தால் கோப்புகளைச் சந்தேகப்படுங்கள். சூடே இல்லாமல் 40-லிருந்து சட்டென்று 5-க்குத் தாவினால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, மாற்றலாம்.

முழுசாக இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியம்-அயனைச் சைபரில் மாதக்கணக்காக டிராயரில் போட்டு வைப்பதுதான் அதற்குச் செய்கிற பெரிய கெடுதல். கொஞ்ச நாள் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். நீங்களே நெம்பித் திறக்காதீர்கள்.