திருவண்ணாமலை கிரிவலம்: கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ நான். நம்ம பக்கத்து ஆளுங்கள ஒரு சின்ன கூட்டமா சேத்துக்கிட்டு வருஷா வருஷம் அண்ணாமலைக்குப் போறதால கேள்வியெல்லாம் என்கிட்டயே வருது, அதான் ஒரே இடத்துல பதில் சொல்லிடலாம்னு உக்காந்திருக்கேன். நடை, கால், மருந்து, பயணம், இதெல்லாம் கேளுங்க. கேக்குறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர் பேரு தான் முன்னால இருக்கும். ராசி பலன் என் டிப்பார்ட்மெண்ட் இல்ல.

செந்தூல்: அக்கா, மொத தடவ போறோம். நான், என் வைஃப், எங்கம்மா 62 வயசு. 14 கிலோமீட்டர்னு சொல்றாங்களே, அம்மாவால முடியுமா? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

தம்பி, தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயில்லேர்ந்து பத்துமலை வரைக்கும் ரதத்தோட நடந்திருக்கீங்களா? அதுவும் இதுவும் ஏறக்குறைய ஒரே தூரம் தான். அத நடந்தவங்க இத நடந்துடலாம், அதுலயும் கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதளம், பத்துமலை மாதிரி கடைசியில 272 படி ஏறுற வேலை இல்ல. அம்மாவ இப்பவே தித்திவங்சா ஏரியச் சுத்தி நடக்க வைங்க, மொத வாரம் அர மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஒரே மூச்சுல ரெண்டு மணி நேரம் நடக்கிற அளவுக்கு வந்துட்டா போதும், மிச்சத்த அங்க உக்காந்து உக்காந்து முடிச்சிடலாம்.

ராஜகோபுரம் பக்கத்துல பூதநாராயணர் கோயில் இருக்கு, அங்க கும்பிட்டு கிளம்புறது வழக்கம். மலை எப்பவும் உங்க வலது கைப் பக்கம் இருக்கணும், நடக்கிறது ரோட்டோட இடது ஓரமா. மலைய ஒட்டின ஓரத்துல சித்தர்களும் தேவர்களும் வலம் வர்றதா ஐதீகம், அத விட்டுட்டு நடக்கணும்பாங்க. தெக்கால போனீங்கன்னா செங்கம் ரோட்டுல சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் ரெண்டும் வரும், அப்புறம் மேக்கால ஆதி அண்ணாமலையார் கோயில். அங்க கண்டிப்பா உள்ள போங்க. பெரிய கோயில்ல கிடைக்காத அமைதி அங்க கிடைக்கும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடின ஊர் திருவண்ணாமலைங்கிறது அங்க நிக்கிறப்ப தான் எனக்கு மனசுல ஏறுது. அதுக்கப்புறம் வடக்கால சுத்தி குபேர லிங்கம், இடுக்குப் பிள்ளையார், ஈசான்ய லிங்கம், மறுபடி கோயில்.

நின்னு நிதானமா போனா நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். ரமணர் நிறைமாச கர்ப்பிணி நடக்கிற மாதிரி நடக்கணும்னு சொன்னதா சொல்வாங்க. நம்ம பசங்க வாட்ச்ச பாத்துக்கிட்டு ரெண்டே முக்கால் மணியில முடிச்சேன்னு ஸ்டேட்டஸ் போடுறானுங்க. எதுக்குடா?

முக்கியமான ஒண்ணு, காலையில ஒன்பது பத்துக்கு மேல தார் ரோட்டுல வெறுங்கால வைக்காதீங்க. சாயங்காலம் அஞ்சுக்கு மேல, இல்லாட்டி விடியக்காலம் மூணு நாலு மணிக்கு கிளம்புங்க.

ஆயர் ஈத்தாம், பினாங்கு: அக்கா, பினாங்குலேர்ந்து கேஎல் வந்து தான் ஃப்ளைட் ஏறணுமா?

வேண்டாம். 2024 டிசம்பர்லேர்ந்து இண்டிகோ பினாங்கு சென்னை நேரா விட்டாங்க, இப்ப என்ன டைம்னு புக் பண்றப்ப பாத்துக்குங்க. சென்னையிலேர்ந்து திருவண்ணாமலை 190, 200 கிலோமீட்டர், திண்டிவனம் செஞ்சி வழியா காருல நாலு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. பஸ்ஸுன்னா கிளாம்பாக்கம் போகணும், பழைய ஞாபகத்துல கோயம்பேடுக்கு ஆட்டோ பிடிச்சிடாதீங்க. சென்னை பீச் ஸ்டேஷன்லேர்ந்து சாயங்கால ரயிலும் உண்டு, நடுராத்திரி வாக்குல கொண்டு போயி விடும், டிக்கெட் விலை நம்ம மாமாக் கடை தே தாரிக் கணக்கு தான், ஆனா பெட்டி படுக்கையோட வயசானவங்கள அதுல ஏத்தாதீங்க. திருச்சி வழியா வந்தாலும் ஏறக்குறைய அதே தூரம். இ-விசா இந்திய அரசாங்க சைட்லயே போடுங்க, முகவரி ".gov.in"னு முடியணும். கூகுள்ல மொதல்ல வர்றதெல்லாம் காசு புடுங்குற ஏஜெண்டு.

நடந்து பழக உங்களுக்கு இடமா இல்ல? பொட்டானிக் கார்டன்லேர்ந்து பினாங்கு ஹில்லுக்கு ஏறுற ஜீப் ரோடு 5 கிலோமீட்டர். தண்ணிமலை முருகன் கோயில் 513 படி. அத ரெண்டு மாசம் ஏறி இறங்கினவங்களுக்கு கிரிவலம் ஒண்ணுமே இல்ல.

ரவாங்: பௌர்ணமி என்னைக்கு மிஸ்ஸி? எங்க வீட்டு காலண்டர்ல ஒரு தேதி, யூடியூப்ல ஒரு தேதி.

இது தான் எல்லாரும் மாட்டுற இடம், ஒரே ஒரு தடவ விளக்கமா சொல்றேன். நாம இந்தியாவ விட ரெண்டரை மணி நேரம் முந்தி. திதி அங்க ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா நமக்கு மணி பன்னெண்டரை, தேதியே மாறிப் போச்சு. மலேசியாவுல கணிச்ச காலண்டர் நம்ம நேரத்துக்கு போட்டிருப்பாங்க, யூடியூப்ல பேசுறவரு இந்தியா நேரத்துக்கு பேசுறாரு, ரெண்டு பேரும் சரி, டிக்கெட் போட்ட நீங்க தான் ஒரு நாள் தள்ளிப் போயி நிப்பீங்க. ஒவ்வொரு மாசமும் கிரிவலத்துக்கு உகந்த நேரம் இதுலேர்ந்து இது வரைக்கும்னு அண்ணாமலையார் கோயில்லேர்ந்தே அறிவிப்பு வரும், பேப்பர்ல போடுவாங்க, அத மட்டும் எடுத்துக்குங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பௌர்ணமிக்குத் தான் போகணும்னு யாரு சொன்னது? அன்னைக்கு லட்சக்கணக்குல கூட்டம், வண்டியெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க, ரூம் வாடகை ரெண்டு மூணு மடங்கு, மலைய நிமிர்ந்து பாக்கவே முடியாது, முன்னாடி போறவரு முதுகு தான் தெரியும். மலை தினமும் அங்க தான் இருக்கு. பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி போனாலும் நிலா வெளிச்சம் இருக்கும், நடக்கிறதுக்கு இடமும் இருக்கும்.

கிள்ளான்: அக்கா, எட்டு லிங்கத்துலயும் எதுக்கு என்ன வேண்டிக்கணும்?

வரிசை மட்டும் சொல்றேன்: இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய. எட்டு திசைக்கு எட்டு. பலன் எல்லாம் கோயில் வாசல்ல விக்கிற சின்ன புத்தகத்துல இருக்கு.

பிரிக்பீல்ட்ஸ்: அம்மா, ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். உங்க கூட்டத்துல ஆளுங்கள சிலிப்பர் போட்டுக்கிட்டு கிரிவலம் நடக்க விடுறீங்களாமே? அந்த மலையே சிவம். செருப்புக் காலோட சிவனச் சுத்தினா என்ன பலன்? எங்க தாத்தா காலத்துல யாரு சப்பாத்து போட்டா?

ஐயா, வணக்கம். யாரையும் போடச் சொல்லி நான் கட்டாயப்படுத்துறது இல்ல. வெறுங்கால்ல நடக்கிறது தான் முறை, நானும் அப்படித் தான் நடக்குறேன். சக்கரை வியாதி உள்ளவங்கள மட்டும் கால செக் பண்ணாம வெறுங்கால்ல விட மாட்டேன். நம்ம இந்தியர்கள்ல எத்தன பேருக்கு சக்கரைனு உங்க தமான்லயே, அதான் குடியிருப்புலயே, வீடு வீடா எண்ணிப் பாருங்க.

பிரிக்பீல்ட்ஸ்: எனக்கும் தான் சக்கரை இருக்கு, பதினஞ்சு வருஷமா. வெறுங்கால்ல ரதத்தோட நடக்கிறேன், ஒண்ணும் ஆகல. நம்பிக்க இருந்தா அவன் பாத்துக்குவான்.

செலாயாங்: ஐயா சொல்றது சரி. காவடி எடுக்கிறவங்க யாரும் சிலிப்பர் போடுறது இல்லயே மிஸ்ஸி.

சரி, இது என் வேலை, இதுக்கு முழுசாவே பதில் சொல்றேன். மத்தவங்க கொஞ்சம் பொறுங்க.

நம்ம வெள்ளி ரதம் எப்ப கிளம்புது ஐயா? ராத்திரியில. ரோடு ஆறியிருக்கும், வழியெல்லாம் தண்ணி தெளிச்சிருப்பாங்க. ரோட்டுல தேங்கா சூறை விடுறாங்க இல்ல, அந்த சிரட்டை சில்லு மேல கால வெச்சா உங்களுக்கு சுருக்குனு தெரியுதா இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க. ஏன்னா ரொம்ப வருஷம் சக்கரை இருந்தா பாதத்துல நரம்பு செத்துக்கிட்டே வரும், சூடும் தெரியாது குத்தலும் தெரியாது.

எங்க கூட்டத்துல ஒருத்தர், உங்கள மாதிரியே பக்தி உள்ளவரு, காலையில எட்டு மணிக்கு தனியா கிளம்பிப் போயி மத்தியானம் ஒண்ணரைக்கு சிரிச்ச முகமா ரூமுக்கு வந்தாரு. வெள்ளை டைல்ஸ் தரை. அவரு பாத்ரூம் போன வழியெல்லாம் ஈரத் தடமா இருந்துச்சு. வாசல்ல கால் கழுவிட்டு வந்திருப்பாருனு நெனச்சேன், கிட்ட போயி பாத்தா தண்ணி இல்ல, லேசா பிசுபிசுனு மஞ்சளா இருந்துச்சு. உக்கார வெச்சு பாதத்த திருப்பினேன், குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் கொப்புளம் உடைஞ்சு தோல் தனியா தொங்குது. "வலிக்கவே இல்லயே மிஸ்ஸி"ங்குறாரு. வலிக்கலைங்கிறது தான் அங்க வியாதியே. ஊரு திரும்பி வந்து மாசக்கணக்குல கட்டு கட்டினாங்க, ஒரு விரலும் போச்சு. அவருக்கு நம்பிக்க கம்மினு சொல்வீங்களா?

அதனால சக்கரை உள்ள எல்லாரும் கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் கவர்மெண்ட் கிளினிக்ல போயி கால செக் பண்ணுங்கனு கேளுங்க. நைலான் நூல் மாதிரி ஒண்ண பாதத்துல அங்கங்க வெச்சு அழுத்தி, தெரியுதா தெரியுதானு கேப்பாங்க, கண்ண மூடிக்கிட்டு பதில் சொல்லணும், ரெண்டு நிமிஷ வேலை. எல்லா இடத்துலயும் தெரிஞ்சா ராத்திரியில வெறுங்கால்ல நடங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். தெரியலைன்னா பழகின மெத்து மெத்துனு உள்ள சப்பாத்து, புதுசு வேண்டாம். லிங்கம் லிங்கமா கழட்டி மாட்டணும், அதுக்கு ஒரு துணிப் பை. வேண்டுதல்னு பிடிவாதமா இருக்கிறவங்க கெட்டி சாக்ஸாவது போடுங்க, ஆனா ஈரமாச்சுன்னா உடனே மாத்துங்க, ஈர சாக்ஸே கொப்புளத்த உண்டாக்கும். நடந்து முடிஞ்சதும் பாதத்த கண்ணால பாக்கணும், குனிய முடியலைன்னா ஃபோன்ல படம் எடுத்துப் பாருங்க. சுடுதண்ணியில கால முக்கவே கூடாது.

மருந்தும் சொல்லிடுறேன். விரதம்னு பட்டினி கெடந்துக்கிட்டு இன்சுலினும் போட்டு, இல்ல கிளிக்லாசைட்ங்கிற சக்கரை மாத்திரையும் முழுங்கிட்டு அஞ்சு மணி நேரம் நடந்தா வழியில சக்கரை இறங்கி மயக்கம் போட்டுடுவீங்க. டாக்டர் கிட்ட டோஸ் பேசிட்டு வாங்க, மடியில குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும், மருந்த பெரிய பெட்டியில போடாம கைப் பையில வைங்க.

பிரிக்பீல்ட்ஸ்: நீங்க மருத்துவம் பேசுறீங்க, நான் சாஸ்திரம் பேசுறேன். செருப்ப மட்டும் என்னால ஏத்துக்க முடியாது.

ஏத்துக்க வேண்டாம் ஐயா. அந்த நூல் டெஸ்ட்ட மட்டும் பண்ணிட்டு வாங்க, மிச்ச சண்டைய அப்புறம் போடலாம்.

பட்டர்வொர்த்: கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சிக்கு ஏறலாமா?

முடியாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி புயல் மழையில மலையடிவாரத்துல மண் சரிஞ்சு 7 பேர் செத்தாங்க, அந்த வருஷ தீபத்துக்கு பக்தர்கள மேல விடவே இல்ல. மகா தீபம் சாயங்காலம் 6 மணிக்கு உச்சியில ஏத்துறது ஊரு பூரா தெரியும், கீழ நின்னே பாக்கலாம். மலை மேல கொஞ்சமாவது போகணும்னா ரமணர் இருந்த விருபாட்ச குகைக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கும் ரமணாசிரமத்து பின்னாலேர்ந்து கல் பாதை இருக்கு, பகல்ல தொறந்திருக்கிற நேரத்துல போயிட்டு வாங்க.

பாயான் லெப்பாஸ்: அக்கா, நான் 27 வயசு, தனியா வரலாம்னு இருக்கேன். சேஃப்பா? அந்த மூணு நாள் வந்துட்டா என்ன பண்றது?

பாப்பா, பௌர்ணமி ராத்திரின்னா பாதை பூரா ஜனம், போலீஸ், கடை, விளக்கு, தனியா நடக்கிற பொண்ணுங்க நெறைய பேரு. சாதா நாள்ல விடியக்காலம் தனியா வேண்டாம், மேக்குப் பக்கம் ஆள் குறைவு, ரமணாசிரமம் பக்கத்துல தங்கினா நடக்கிற கூட்டத்தோட சேந்துக்கலாம். அங்க ரூம் வேணும்னா ரொம்ப முன்னாடியே எழுதிக் கேக்கணும். மலைக்குள்ள குறுக்கு வழி காட்டுறேன், குகை காட்டுறேன்னு எவன் வந்தாலும் போகாத, சாமியாரு வேஷத்துல வந்தாலும் தான்.

ரெண்டாவது கேள்வி, அது உங்க வீட்டுப் பழக்கம், அம்மாகிட்ட கேட்டுக்கம்மா. டாக்டர் கணக்குல நடக்கிறதுக்கு தடை ஒண்ணும் இல்ல. பேட் மட்டும் அடிக்கடி மாத்து. ஆம்பள பொம்பள எல்லாருக்கும், தொடை உரசுற எடத்துல வாஸ்லின் தடவிட்டு நடங்க, மூணாவது மணி நேரத்துல என்னைய நெனச்சுக்குவீங்க.

செலாயாங்: குபேர கிரிவலம் போனா கடன் தீருமா?

தீர்ந்திருந்தா அந்த ரோட்டுல இவ்வளவு கூட்டம் வருஷா வருஷம் திரும்பி வருமா தம்பி?

பூச்சோங்: அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. நடக்க முடியாது. ஆட்டோவுல சுத்தினா கணக்கு உண்டா?

கூட்டிட்டு போங்க. ஆட்டோக்காரங்க எட்டு லிங்கத்துலயும் நிறுத்தி நிறுத்தி காட்டுவாங்க, ஏறுறதுக்கு முன்னாடியே வாடகைய பேசிடுங்க, சில்லறையா ரூபா நோட்டு வெச்சுக்குங்க, அங்க எல்லாரும் ஃபோன்ல ஸ்கேன் பண்ணிக் குடுக்கிறாங்க, நமக்கு அந்த வசதி இருக்கும்னு நம்பிப் போகாதீங்க. பௌர்ணமி அன்னைக்கு பாதையில ஆட்டோ விட மாட்டாங்க, சாதா நாள்ல போங்க. இடுக்குப் பிள்ளையார்ல மட்டும் அப்பாவ உள்ள விடாதீங்க, படுத்து ஊர்ந்து வெளிய வரணும், அந்த முட்டிக்கு ஆகாது.

செராஸ்: சிலிப்பர் போடலாமா கூடாதா மிஸ்ஸி? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

சக்கரை இருக்கா? இருந்தா மேல இருக்கிறத படிங்க. இல்லைன்னா ராத்திரியில வெறுங்கால்.

சுங்கை பூலோ: காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சா கூட்டம் கம்மியா இருக்கும் தானே?

கம்மியா தான் இருக்கும். ஏன்னு அந்த தார் ரோட்ட கேளுங்க.

கெப்போங்: மிஸ்ஸி, அடுத்த பௌர்ணமி எப்ப?

ரவாங்காரருக்கு சொன்னத படிங்க. இந்தியா நேரம்.