நேர்த்திக்கடன் என்று சொல்லிவிடலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 38 வயது. காரைக்குடிக்கு அருகில் உள்ள ஊரில், கணவரின் பூர்வீக வீட்டில், மாமனார், மாமியார், 11 வயது மகள் ஆகியோருடன் வாழ்கிறேன். நான்கு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை முதலான பலகாரங்களைக் கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, என் தாயார் காலமான சில மாதங்களில், பின்னந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி அந்த இடம் வழுவழுப்பாக இருப்பதை, எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மகள்தான் முதலில் பார்த்தாள். எலுமிச்சை விதையையும் மிளகையும் அரைத்துப் பூசச் சொன்னார்கள். பூசியதில் தோல் புண்ணானதுதான் மிச்சம். பிறகு தோல் மருத்துவர் இது புழுவெட்டு என்று சொல்லி அந்த இடங்களில் ஊசி போட்டார். பூனைமுடி போல வெள்ளையாக முளைத்தது. ஆறு மாதத்தில் அதுவும் உதிர்ந்து, பக்கத்தில் இன்னும் பல இடங்களில் பரவிவிட்டது. இப்போது பாதித் தலைக்கு மேல் முடி இல்லை. எஞ்சியிருப்பது தீவு தீவாக நிற்கிறது.

இரண்டு ஆண்டுகளாக விக் அணிகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். முகப்பில் ஒருவர் நின்றாலே நடு முற்றமான வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு வரைக்கும் நேராகத் தெரியும். பலகாரம் போடும்போது எல்லோரும் தலையில் துணி கட்டிக்கொள்வதால் அடுப்படியில் எனக்குப் பயமில்லை. வாசலில் யாராவது கூப்பிட்டுவிட்டால், எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பக்க அறைக்கு ஓடி, வியர்த்த தலையில் விக்கை மாட்டிக்கொண்டு வருகிறேன். மின்விசிறிக்கு நேராக உட்காருவதில்லை. இரவில்கூடத் தலைத்துணியை அவிழ்ப்பதில்லை. கணவருக்கு விஷயம் தெரியும். ஆனால் என் தலையை அவர் பார்த்து ஓராண்டுக்கு மேலாகிறது.

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில், உறவுக்கார ஆச்சி ஒருவர், "என்னடி, தலையில பூவே இல்ல" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள் மல்லிகைச் சரத்தை வைத்து ஊசியைச் செருகினார். விக் ஒரு விரலளவு நகர்ந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் பேசாமல் அதைச் சரிசெய்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. வந்த இரண்டு பெரிய ஆர்டர்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மொத்தமாக மொட்டை அடித்துக்கொண்டு இந்தப் பயத்துக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. மாமியாரோ, "சுமங்கலி மொட்டைத் தலையோட நிக்கிறதா?" என்று கேட்கிறார். கேன்சரா, கரன்ட் வைத்தார்களா என்று ஊரே கேட்கும் என்ற அச்சமும் இருக்கிறது. ஆகவே குன்றக்குடி முருகனுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி முடி இறக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் சொன்னால் ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள். இன்னும் நான்கு மாதத்தில் மாமனாருக்குச் சாந்திக் கல்யாணம், நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். நான் செய்ய நினைப்பது துணிச்சலா, பைத்தியக்காரத்தனமா? முடி எடுக்கும் நாளில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா? இது அவளுக்கும் வருமா?

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

*

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், அந்த ஆச்சியின் கை நின்ற இடம்தான். இரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் எதற்கு அஞ்சி ஓடினீர்களோ அது அன்று நடந்தேவிட்டது. நடந்தபோது அவர் கூச்சலிடவில்லை, கேள்வி கேட்கவில்லை. நகர்ந்ததைச் சரிசெய்து தோளைத் தட்டினார். தாங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தது அந்தத் தட்டலை அல்ல, கை நின்ற ஒரு நொடியை மட்டுமே. அச்சம் எப்போதும் தனக்குச் சாதகமான சாட்சியைத்தான் கூப்பிடும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். புழுவெட்டு என்ற பெயரே ஒரு அவதூறு. இதில் புழுவும் இல்லை, அழுக்கும் இல்லை, தொற்றும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் முடியின் வேர்ப்பையைப் பகை என்று தவறாக எண்ணித் தாக்குவதால் முடி உதிர்கிறது. வேர்ப்பை பொதுவாக அழிந்துபோவதில்லை. அதனால்தான் ஊசிக்குப் பிறகு வெள்ளை முடி முளைத்தது, மறுபடி முளைக்கவும் கூடும், மறுபடி உதிரவும் கூடும். ஏறக்குறைய நூறு பேரில் இருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வருகிறது. தாயாரின் மறைவுதான் காரணம் என்றோ, தாங்கள் கவலைப்பட்டதால் வந்தது என்றோ தங்களையே குற்றவாளி ஆக்கிக்கொள்ள வேண்டாம். இந்நோய் உள்ளவர்களில் சிலருக்குத் தைராய்டுக் கோளாறும் சேர்ந்திருக்கும் என்பதால், இதுவரை பார்க்கவில்லையென்றால் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். பாதிக்கு மேல் முடி இழந்தவர்களுக்கென்று பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து என்பதால், அது தங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மொட்டை அடிப்பது எந்தச் சிகிச்சைக்கும் தடை இல்லை. அடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் உண்மை இல்லை. அந்த நம்பிக்கையில் முடியை எடுக்காதீர்கள்.

இனி அச்சத்துக்கு வருவோம். 1980இல் ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரென்டா என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற சிலரின் முகத்தில் ஒப்பனையால் ஒரு பெரிய வடுவை வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, வடு காய்ந்து வெடிக்காமலிருக்கக் களிம்பு தடவுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் வடுவைத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். வெறும் முகத்தோடு போய் ஒருவரிடம் பேசிவிட்டு வந்தவர்கள், எதிரில் இருந்தவர் தங்கள் வடுவையே பார்த்தார், இறுக்கமாகப் பேசினார் என்றெல்லாம் சொன்னார்கள். இல்லாத வடுவுக்கே இத்தனை பார்வைகளை எண்ண முடிந்திருக்கிறது.

தங்கள் நிலை அதுவல்ல என்பதை நான் மறக்கவில்லை. தங்கள் தலையில் இருப்பது உண்மை. மொட்டைத் தலையோடு சென்றால் பார்க்கத்தான் செய்வார்கள், சிலர் கேட்கவும் செய்வார்கள். "யாரும் கவனிக்கமாட்டார்கள்" என்று பொய் சொல்லித் தங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் பார்வைக்குப் பின்னால் இருப்பது அருவருப்புதான் என்று தாங்களே எழுதிக்கொள்கிறீர்களே, அந்த எழுத்தைத்தான் சோதிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை பக்க அறைக்கு ஓடும்போதும், 'நல்லவேளை, தப்பித்தேன்' என்று மனம் ஒரு பாடம் கற்கிறது. ஓடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இரண்டு ஆண்டுகளில் அச்சம் குறையாமல் வளர்ந்ததன் காரணம் இதுதான்.

நேர்த்திக்கடன் யோசனை புத்திசாலித்தனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன், படித்ததும் சிரித்தும்விட்டேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிகள் பழனிக்குப் புறப்படும் சீமையில், முடி இறக்கியவரிடம் யார் காரணம் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தப் பதில் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதன்பின் முடி தீவு தீவாகத்தான் முளைக்கும். அப்போது எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்வீர்கள்? விக் நகர்ந்துவிடுமோ என்ற பயத்தின் இடத்தில் பொய் நகர்ந்துவிடுமோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தங்களுக்கு மெய்யாகவே முருகனிடம் வேண்டுதல் இருந்தால், தாராளமாகக் குன்றக்குடியிலேயே இறக்குங்கள். கூடவே, கேட்பவர்களிடம் புழுவெட்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். வேண்டுதல் இல்லையென்றால் முருகனை இதில் இழுக்காதீர்கள்.

மாமியாரின் கேள்விக்கும் பதில் அந்தக் கோயில் வாசலிலேயே இருக்கிறது. பழனியிலும் திருப்பதியிலும் சமயபுரத்திலும் கணவரோடும் குழந்தைகளோடும் வந்து முழு முடியையும் இறக்கும் சுமங்கலிகளை அவரும் பார்த்திருப்பார். ஒருகாலத்தில் சில சமூகங்களில் கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்த கொடுமையின் நிழல்தான் அவர் பேச்சில் இருக்கிறது. அவரோடு வாதாட வேண்டாம். ஒருநாள் மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்து, பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை அவர் பேசியது தாம் பார்க்காத ஒரு தலையைப் பற்றி.

அவருக்கும் முன்னால் தங்கள் கணவர் பார்க்க வேண்டும். ஓராண்டாக ஒரே அறையில் தலைத்துணியோடு உறங்கும் தங்களுக்கு, ஊரார் பார்வையைவிட இந்த ஒருவரின் பார்வைதான் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். விளக்கை அணைத்துவிட்டுக் கூடத் தொடங்கலாம். அவர் கையை எடுத்துத் தங்கள் தலையில் வைத்தால் போதும். அவர் என்ன செய்வார் என்று தாங்கள் அஞ்சுவதை முந்தின நாளே ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். நடந்ததை மறுநாள் அதன் கீழேயே எழுதுங்கள். பிறகு அடுப்படிப் பெண்கள், வாசலுக்கு வரும் பால்காரர், கடைத்தெரு என்று ஒவ்வொருவராக, ஒவ்வோர் இடமாகப் போங்கள். பயம் போன பிறகு வெளியே வருவேன் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சு படபடக்கும்போதே நின்று பேசுங்கள், படபடப்பு தானாக இறங்கும் வரை அங்கிருந்து போகாதீர்கள்.

கேட்பவர்களுக்கென்று ஒரே பதிலை வாய்க்கு வந்துவிடும்படி பழகிக்கொள்ளுங்கள். "புழுவெட்டு ஆச்சி, உடம்புக்கு ஒண்ணுமில்ல, அதான் எடுத்துட்டேன். உங்க வீட்டு விசேஷத்துக்கு மணகோலம் எத்தனை படி வேணும்?" அவ்வளவுதான். நீண்ட விளக்கம் கொடுத்தால் நீண்ட ஆறுதலையும் கேட்டாக வேண்டும்.

ஆகவே, முடியை எடுங்கள் என்றே சொல்கிறேன். ஆத்திரத்தில், நள்ளிரவில், கண்ணாடி முன் கத்தரிக்கோலோடு வேண்டாம். சாந்திக் கல்யாணத்துக்கு இரண்டு மாதமேனும் முன்னதாக எடுத்தால், அன்றைக்குள் பாதி ஊர் பார்த்துப் பழகியிருக்கும், தாங்களும் பழகியிருப்பீர்கள். சவரக்கத்தியைவிட டிரிம்மர் தோலுக்கு நல்லது. பல காலம் வெயில் படாத தோல் நம் பக்கத்து வெயிலில் எளிதில் கன்றிப்போகும் என்பதால், வெளியே போகும்போது முந்தானையையோ குடையையோ பிடித்துக்கொள்ளுங்கள். இதை மறைப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். விக்கையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு பட்டுப்புடவைக்கு அது எடுப்பாக இருக்கும் என்று தோன்றினால் அணிந்துகொள்ளுங்கள். வாசலில் குரல் கேட்டதும் அதைத் தேடி ஓட மட்டும் வேண்டாம். வேண்டாம் என்று திருப்பிய இரண்டு ஆர்டர்களில் ஒன்றையாவது இந்த வாரமே போன் செய்து திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், இந்தக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆனால் தாய்க்கு வந்தது மகளுக்கு வந்தே தீரும் என்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். முடி எடுக்கும் நாளில் பக்கத்தில் இருக்க விருப்பமா என்று அவளையே கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், பள்ளிவிட்டு வந்து பார்க்கட்டும். முதன்முதலில் அந்த இடத்தைக் கண்டது அவள்தானே. எண்ணெய் தேய்த்துவிடும் வேலையை மறுபடி அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்.