காவல் நிலையத்தில் அடிவாங்கியவருக்கு மனித உரிமை ஆணையம் என்ன செய்ய முடியும்?

கேள்வி: என் தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பத்து மாதங்களுக்கு முன், ஒரு கடையில் நடந்த திருட்டு பற்றி விசாரிக்க வேண்டும் என்று சொல்லி அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இரண்டு இரவுகள் அங்கேயே வைத்திருந்து லத்தியால் அடித்தார்கள். மூன்றாம் நாள், எதுவும் எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை. திருடியவன் பிறகு பிடிபட்டான். அரசு மருத்துவமனைக்குப் போனபோது காவலர் ஒருவர் கூடவே நின்றதால், வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாகத் தம்பி டாக்டரிடம் சொல்லிவிட்டான். எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா? அது பரிந்துரை மட்டுமே செய்யும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்கிறார்களே? எங்களுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் இருக்கும் வரப்புத் தகராறில் அதே உதவி ஆய்வாளர் அவர் பக்கம் நின்றார். அதையும் மனுவில் சேர்க்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: போகலாம். ஆனால் உங்களுக்கு மீதமிருப்பது இரண்டு மாதம்கூட முழுமையாக இருக்காது என்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993-இன் 36(2) ஆவது பிரிவின்படி, மனித உரிமை மீறல் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓராண்டு கடந்த பின் தேசிய ஆணையமோ மாநில ஆணையமோ அதைப் பற்றி விசாரிக்க முடியாது. எஸ்.பி. அலுவலகத்தில் மனு நிலுவையில் இருப்பதால் இந்தக் காலக்கெடு நின்றுவிடுவதில்லை. சட்டவிரோதக் காவல் குறித்த புகார் ஒன்றில், அது தொடர்ந்து நீடிக்கும் தவறு என்று கருதிக் காலக்கெடுவைத் தளர்த்த முடியாது என உச்ச நீதிமன்றம் தௌண்டியால் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே உங்கள் தம்பி விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணாமல், அழைத்துச் செல்லப்பட்ட நாளிலிருந்தே எண்ணி, மனுவை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள். மேலதிகாரியின் பதிலுக்காகக் காத்திருந்து ஓராண்டைத் தவறவிட்ட குடும்பங்கள் ஏராளம். அந்தக் காத்திருப்பால் பயன் பெறுபவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, இது ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறதா என்பது. உயிர், சுதந்திரம், சமத்துவம், மாண்பு ஆகியவை தொடர்பாக அரசமைப்புச் சட்டம் உறுதியளித்துள்ள உரிமைகளையும், நீதிமன்றம் மூலம் நிலைநாட்டக்கூடிய பன்னாட்டு உடன்படிக்கை உரிமைகளையும் இந்தச் சட்டம் மனித உரிமைகள் என்கிறது. அவற்றை ஓர் அரசு ஊழியர் மீறினாலும், மீறலுக்குத் துணை போனாலும், மீறலைத் தடுக்கத் தவறி அலட்சியமாக இருந்தாலும் ஆணையம் விசாரிக்கலாம். இந்த மூன்றாவது வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடித்தவர் ஒரு காவலராக இருக்கலாம்; இரண்டு இரவுகளும் தன் நிலையத்தில் நடந்ததைக் கண்டும் காணாமல் இருந்த நிலைய அதிகாரியும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22(2) ஆவது கூறும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58 ஆவது பிரிவும் சொல்கின்றன. "நாங்கள் கைது செய்யவில்லை, விசாரணைக்குத்தான் அழைத்தோம்" என்பது காவல் துறையின் வழக்கமான விடை. கைதே செய்யாத ஒருவரை இரண்டு இரவுகள் நிலையத்தில் வைத்திருக்க எந்தச் சட்டம் இடம் கொடுத்தது என்ற கேள்விக்கு அந்த விடையில் பதில் இல்லை. உங்கள் மனுவின் முதுகெலும்பு இதுதான். அடித்ததை நிரூபிப்பதைவிட வைத்திருந்ததை நிரூபிப்பது எளிது.

மனுவைப் பாதிக்கப்பட்டவர் சார்பில் வேறு எவரும் கொடுக்கலாம் என்று 12 ஆவது பிரிவு சொல்வதால், நீங்களே கையெழுத்திட்டு அனுப்பலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் கிரீன்வேஸ் சாலை என்று அறியப்படும் பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில் இருக்கிறது. அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, மனித உரிமை என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்டு, காரில் பலகை மாட்டி, அடையாள அட்டை விற்கும் தனியார் அமைப்புகள் ஊருக்கு ஊர் உள்ளன. அவற்றுக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் 1997-இல் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட ஆணையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "ஆணையத்தில் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது, ஒரே மனுவைத் தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஓர் ஆணையம் விசாரித்துக்கொண்டிருக்கும் பொருளை மற்றொன்று விசாரிக்கக் கூடாது என்பதால், இரண்டு இடத்திலும் கோப்பு அலையும். உங்கள் ஓராண்டோ முடிந்துவிடும்.

இனி, உங்கள் கையில் உள்ள சான்றுகள். இதில்தான் நீங்கள் அதிகக் கவனம் செலுத்த வேண்டும். விபத்துப் பதிவேட்டின் நகலில், அதாவது நீங்கள் ஏ.ஆர். காப்பி என்று வாங்கி வைத்திருக்கக்கூடிய அந்தத் தாளில், "வண்டியிலிருந்து விழுந்ததாகக் கூறினார்" என்ற வரி இருப்பது பலவீனம்தான். மறைத்துப் பயனில்லை, எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். ஆகவே மனுவிலேயே அதை நீங்களாகச் சொல்லி, சீருடையில் ஒரு காவலர் பக்கத்தில் நின்றதையும், அந்த நேரத்தில் புறநோயாளிப் பிரிவில் வேறு யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு அதே தாளில் காயங்களைப் பற்றி மருத்துவர் எழுதியிருப்பதை வரி வரியாகப் படியுங்கள். வண்டியிலிருந்து விழுந்தவருக்கு முழங்கை, முழங்கால், உள்ளங்கை ஆகிய இடங்களில் சிராய்ப்பு இருக்கும். உள்ளங்காலிலும் பின்தொடையிலும் முதுகிலும் மட்டும் கன்றிப்போன காயங்கள் இருந்தால், அவை விழுந்ததால் வந்தவை என்று சொல்வது கடினம். லத்தி போன்ற உருண்டைத் தடியால் பட்ட அடி, பெரும்பாலும் நடுவில் வெளிறியும் இருபுறமும் சிவந்தும் இணைகோடுகளாகத் தெரியும். மருத்துவர் அதைக் குறித்திருந்தால், நோயாளி அச்சத்தில் சொன்ன காரணத்தைவிட அந்தக் குறிப்புக்கே எடை அதிகம். வீட்டில் எடுத்த செல்போன் படங்கள் இருந்தால், எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும் அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸாப்பில் சுற்றி வந்த நகலில் அந்த விவரங்கள் இருக்காது. சில நாள் கழித்து வேறு மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டும் தேவைப்படும்.

கண்காணிப்பு கேமரா பதிவு இதைவிட முக்கியம். பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பு, எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் இரவுக் காட்சியும் பதிவாகும் கேமராக்களைப் பொருத்த வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிலையத்தில் பலப்பிரயோகத்தால் கடுங்காயம் ஏற்பட்டதாகப் புகார் வந்தால், மாநில மனித உரிமை ஆணையம் அந்தப் பதிவுகளை உடனே வரவழைக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. உங்களுக்குப் பத்து மாதங்கள் ஓடிவிட்டன. எனவே மனுவின் கோரிக்கைப் பகுதியில், இன்ன நாள் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையிலான பதிவுகளையும், நிலையப் பொது நாட்குறிப்பையும் விசாரணை தொடங்கும் முன்பே கைப்பற்றிப் பாதுகாக்க உத்தரவிட வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். கேமரா பழுதாகியிருந்தது என்று பதில் வரக்கூடும். கேமராவைப் பராமரிப்பதும், பழுதானால் உடனே மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நிலைய அதிகாரியின் பொறுப்பு என்று அந்தத் தீர்ப்பு சொல்வதால், அப்படித் தெரிவித்த கடிதம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம்.

மனு ஏற்கப்பட்டதும் ஆணையம் வழக்கமாகக் காவல் துறையிடமிருந்து அறிக்கை கேட்கும். அதை எழுதுபவர் பெரும்பாலும் அதே மாவட்டத்தின் மேலதிகாரி ஒருவர். "புகாரில் உண்மை இல்லை" என்று அது முடிந்தால் வியப்படைய வேண்டாம். அறிக்கையின் நகலை அனுப்பி உங்கள் கருத்தைக் கேட்கும்போது, குறித்த நாளுக்குள் பத்தி பத்தியாக மறுப்புரை அனுப்புங்கள். பல மனுக்கள் தகுதியில்லாமல் அல்ல, இந்தக் கடிதத்துக்குப் பதில் போகாமலே முடித்துவைக்கப்படுகின்றன. அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், ஆணையம் தானாகவே விசாரணையைத் தொடரலாம். அதற்குத் தனியாகப் புலனாய்வுப் பிரிவு உண்டு. காவல் துறைத் தலைவர் (ஐ.ஜி.) தகுதிக்குக் குறையாத அதிகாரி அதற்குத் தலைமை வகிக்க வேண்டும் என்கிறது சட்டம். சாட்சிகளுக்கு அழைப்பாணை அனுப்புவது, பிரமாண வாக்குமூலம் பெறுவது, அலுவலகப் பதிவேடுகளை வரவழைப்பது ஆகியவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் 13 ஆவது பிரிவால் ஆணையத்துக்குக் கிடைத்திருக்கிறது. உங்கள் தம்பி நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். காவலரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். உங்கள் தம்பி அங்கே சொல்வதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர வேறு எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 15 ஆவது பிரிவு காப்பளிக்கிறது. மாவட்டங்களிலும் ஆணையம் முகாம் அமர்வுகள் நடத்துவதால், ஒவ்வொரு முறையும் சென்னைக்கு வர வேண்டியிருக்காது. எனினும் சில ஆண்டுகள் ஆகலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"வெறும் பரிந்துரைதானே" என்ற கேள்விக்கு வருகிறேன். 18 ஆவது பிரிவு பயன்படுத்தும் சொல் பரிந்துரைதான். அதைப் பிடித்துக்கொண்டு, ஏற்பதும் ஏற்காததும் அரசின் விருப்பம் என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வுகளே இதில் மாறுபட்டன. 2021 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் அடங்கிய முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், அது நடைமுறைப்படுத்தத்தக்க உத்தரவு என்று தீர்ப்பளித்தது. பரிந்துரை கிடைத்த ஒரு மாதத்துக்குள், அல்லது ஆணையம் நீட்டித்துத் தரும் காலத்துக்குள், எடுத்த நடவடிக்கையை அரசு தெரிவிக்க வேண்டும். செய்யாவிட்டால் ஆணையமே உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அரசுக்கு உடன்பாடில்லை என்றால், அது நீதிமன்றத்தில் வழக்காடித்தான் மாற்ற வேண்டும், கோப்பில் "ஏற்கவில்லை" என்று எழுதி மூடிவிட முடியாது. இழப்பீட்டை முதலில் அரசு கொடுத்துவிட்டுப் பிறகு தவறு செய்தவரின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்துகொள்ளும்படி பரிந்துரைப்பது இங்கே வழக்கம். ஒரு காவலருக்கு அந்தப் பிடித்தமும் அதன் பின் வரும் துறை நடவடிக்கையும் சின்ன விஷயமல்ல. அதே சமயம், ஆணையம் எவரையும் சிறைக்கு அனுப்பாது. தானே பணிநீக்கமும் செய்யாது. குற்றவழக்குத் தொடரவும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரைக்கும், அவ்வளவே. தண்டனைதான் உங்கள் நோக்கம் என்றால் குற்றவியல் நடுவரிடம் தனிநபர் புகார் செய்யும் வழி தனியே இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருளை ஆணையம் பொதுவாகத் தொடாது என்பதால், எதை முதலில் செய்வது என்பதை உள்ளூர் வழக்கறிஞருடன் கலந்து முடிவு செய்யுங்கள். நீங்கள் பட்டியல் சாதியினராக இருந்து, தாக்கியவர் அவ்வாறு அல்லாதவராக இருந்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

வரப்புத் தகராறை மனுவில் சேர்க்காதீர்கள். சொத்துரிமை, ஒப்பந்தம், பணியிடப் பிரச்சினை போன்ற உரிமையியல் விவகாரங்களை ஆணையம் ஏற்பதில்லை. அந்தப் பத்திகள் இருந்தால், முழு மனுவும் நிலப்பிரச்சினைக்காகப் புனையப்பட்டது என்று எதிர்த்தரப்பு எழுதுவதற்கு நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள். நிலத்துக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. உதவி ஆய்வாளருக்கு முன்பகை உண்டு என்று காட்ட வேண்டுமானால், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னது சொன்னார் என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வாங்கிய வெள்ளைத்தாளை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். யார் கேட்டார், எத்தனை தாள், தேதி போடச் சொன்னார்களா, அந்த நேரம் நிலையத்தில் ரைட்டர் இருந்தாரா என்பவை தம்பிக்கு நினைவிருக்கும்போதே குறித்துவையுங்கள். "நானாகவே வந்தேன், என்னை யாரும் அடிக்கவில்லை" என்ற கடிதமாக அந்தத் தாள் காவல் துறை அறிக்கையோடு வந்து சேர வாய்ப்பு அதிகம். அது வருவதற்கு முன்பே உங்கள் மனுவில் அதைப் பற்றிய பத்தி இருக்க வேண்டும்.