நெல்லில் இரண்டாம் பிற்கலப்பு (தாய் ரகத்தோடு திரும்பக் கலப்பது) நாற்றில், வெள்ளம் தாங்கும் சப்1 ஜீனின் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) தெளிவாக விழுகிறது, தொட்டியில் மூழ்கடித்தால் செத்துப்போகிறது. ஏன்?

பேண்ட் விழுந்தால் வெள்ளம் தாங்கும் ஜீன் வந்துவிட்டது என்று நம்புவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் வேலையாக, நீங்கள் ஜீனைச் சேர்க்கப் பார்க்கும் தாய் ரகத்தின் டிஎன்ஏவை அதே ஜெல்லில் ஓட்டுங்கள். அதிலும் பேண்ட் வந்தால் அந்த பிரைமர் (ஜீனைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) உங்களுக்கு உதவாது. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ ரகத்தில் இருப்பது சப்1ஏ-1 என்ற வடிவம், அது தாங்கும். ஐஆர்64 ரகத்தில் இருப்பது சப்1ஏ-2, தாங்காது. 186ஆம் இடத்து அமினோ அமிலம் செரீனா, புரோலினா என்பதுதான் புரதத்தில் கவனிக்க வேண்டிய வித்தியாசம். ஜீன் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் பிரைமருக்கு இரண்டும் ஒன்றே.

தாய் ரகத்தில் பேண்ட் இல்லையென்றால், பிற்கலப்புச் செடியில் அந்த ஜீனின் ஒரு பிரதிதான் இருக்கிறது. பலனும் அரைகுறையாகத்தான் இருக்கும். தன்மகரந்தச் சேர்க்கை செய்து, இரு பிரதியும் உள்ள கால்வாசிச் செடிகளைப் பிரித்த பிறகு தொட்டிக்குக் கொண்டுபோங்கள். ஒரு பிரதியையும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் மார்க்கர் (ஜீனை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறி) இதற்கு வேண்டும். ஜீனுக்கு வெளியே 3 சென்டிமார்கன் (குரோமோசோமில் தூரத்தை அளக்கும் அலகு) தள்ளி இருக்கும் மார்க்கரை மட்டும் நம்பினால், நூற்றுக்கு மூன்று பாலணுக்களில் மார்க்கரும் ஜீனும் பிரிந்துவிடும். இருபுறமும் மார்க்கர் வையுங்கள். ஜீனோடு கூட ஒட்டிவரும் வேண்டாத டிஎன்ஏ துண்டைக் குறைக்கவும் அதுதான் வழி. ஸ்வர்ணா ரகத்தின் உமி பொன்னிறம், அதில் சப்1 சேர்த்த ஸ்வர்ணா-சப்1 உமி வைக்கோல் நிறம்: 9ஆம் குரோமோசோமில் பக்கத்திலிருந்த உமிநிற ஜீனும் சேர்ந்து வந்ததன் அடையாளம் அது.

தொட்டியையும் சந்தேகப்படுங்கள். 14 நாள் நாற்று, ஒரு மீட்டர் தெளிந்த தண்ணீர், 14 நாள் மூழ்கல். கலங்கிய நீரிலும் பாசி படர்ந்த நீரிலும் வெளிச்சம் போகாமல் நல்ல செடியும் சாகும். மூழ்கடிக்கும் முன் யூரியா போட்டுக் கொழுக்க வைக்காதீர்கள். தண்ணீரை வடித்த அன்றே எண்ணவும் கூடாது. துவண்டு கிடப்பது நாலைந்து நாளில் புதுக் குருத்து விடும். 14 நாள் கழித்து எண்ணுங்கள். தாங்கும் எஃப்ஆர்13ஏ, தாங்காத ஐஆர்42 இரண்டும் அதே தொட்டியில் இருக்கட்டும். முன்னது செத்தால் தொட்டியில் கோளாறு, பின்னது பிழைத்தால் மூழ்கல் போதவில்லை.

"தொட்டி வேறு, வயல் வேறு" என்று யாராவது வருவார்கள். வேறுதான், ஆனால் வயலில் வெள்ளம் என்றைக்கு வடியும் என்பது உங்கள் கையில் இல்லையே. அடுத்து "மரபணு மாற்றுப் பயிர்" என்று ஒரு கூட்டம் வரும். இது வெறும் மகரந்தக் கலப்பு ஐயா; மார்க்கர் செடியைப் பொறுக்க மட்டும்தான். இதை எத்தனை தடவை எழுதுவது?