அலாஸ்கா கிராமத்தில் டீச்சர் வேலை

கேள்வி: என் தங்கைக்கு அலாஸ்காவில் பெத்தல் என்ற ஊர்ப் பக்கம், யூபிக் பழங்குடி மக்களின் கிராமப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் வெயிலில் வளர்ந்தவள், இறைச்சி தொடமாட்டாள், மீன் மட்டும்தான். சமாளிப்பாளா?
- ஓர் அக்கா, சாட்ஸ்வொர்த்

பதில்: மீன் சாப்பிடுவாள் என்றால் பாதிக் கவலை விட்டது, அங்கே கோடையில் பிடிக்கும் சால்மனைக் காயவைத்துப் புகைபோட்டுக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். பருப்பும் மசாலாவும் கையோடு போகட்டும். பெத்தலுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, காய்கறி விமானத்தில் வருவதால் விலை கண்ணைக் கட்டும். சில கிராமங்களில் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவறைக்கு வாளிதான், அதனால் கையெழுத்துப் போடும் முன்பே தங்குமிடத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள்.

டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. என்னைக் கேட்டால் குளிரைவிட அந்த இருட்டுதான் ஆளைப் படுத்தும்.

வகுப்பில் ஒன்று கவனிக்க வேண்டும். யூபிக் பிள்ளைகள் புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்' என்று அர்த்தம். இது தெரியாத புது டீச்சர் பதிலே வரவில்லை என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பார், பிள்ளை பாவம், எப்போதோ பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும்!

அப்புறம், அங்கே பள்ளி திறப்பது ஆகஸ்டில், நம் ஊர்ப் பள்ளி ஜனவரியில் திறக்கிற கணக்கில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.