குடும்பத்தில் இல்லத்தரசியின் பங்கு என்ன? வீட்டில் அப்படி என்ன வேலை இருந்துவிடும்?

சமையல், துணி, பாத்திரம், பிள்ளைகள் என்று எண்ணினால் பாதி வேலைதான் கணக்கில் வரும். எதை எப்போது, எவ்வளவு, எதற்கு முன்னால் செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது மீதிப் பாதி. கஷ்டமான பாதியும் அதுதான்.

நாளைக் காலை இட்லி என்றால் இன்று மதியமே முடிவெடுத்தாக வேண்டும். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஊற நாலு மணி நேரம், ஆட்ட முக்கால் மணி, புளிக்க எட்டு மணி. மார்கழிக் குளிரில் எட்டு மணி போதாது, விடிந்தும் மாவு பொங்காமல் கிடக்கும். அதனால் சாயங்காலமே ஆட்டிவிட வேண்டும். சித்திரையில் தலைகீழ்: இரவு படுக்கப் போகும்போது ஆட்டினால்தான் காலையில் புளிப்பு ஏறாமல் இருக்கும். ஊறப்போட மறந்தால் காலை டிபன், பள்ளிக்கூட டப்பா, ராத்திரி தோசை மூன்றும் ஒன்றாகக் கவிழும்.

14.2 கிலோ சிலிண்டர் இன்னும் எத்தனை நாள் வரும், ரேஷனில் பருப்பும் பாமாயிலும் வந்துவிட்டதா, மாமனாரின் பிரஷர் மாத்திரை எத்தனை மீதி, குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என எல்லாம் இதே கதைதான். பெரும்பாலான வீடுகளில் இவை எங்கும் எழுதி இருப்பதில்லை. இல்லத்தரசி நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் வீடே தடுமாறுவது இதனால்தான்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். கை ஒரு வேலையில் இருக்க, மனசுக்குள் ஓடும் கணக்கு எந்த நிமிடத்திலும் முழுதாக அகப்படாது.

சட்டம் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகளில், இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. சாலை விபத்தில் இல்லத்தரசி இறந்தால் அவர் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் வலியுறுத்தியது. “அவங்களுக்குத்தான் சம்பளமே இல்லையே” என்று அந்த உரிமையை விட்டுவிடாதீர்கள்.

கணவர்களுக்கு: “என்ன வேணும்னு சொல்லு, வாங்கிட்டு வர்றேன்” என்றால் யோசிக்கும் வேலை இன்னும் மனைவி தலையில்தான். மளிகையை எடுத்துக்கொண்டால் இருப்புப் பார்ப்பதிலிருந்து டப்பாவில் கொட்டி வைப்பது வரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் உளுந்து தீர்ந்துபோகும், பெருங்காயம் விட்டுப்போகும். அதைச் சாக்காக வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது.

அவருக்கென்று மாதம் ஒரு தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தோடு கலந்தால், விருந்தாளி நாலு பேர் வந்ததுமே அது கரைந்துவிடும். சொத்து வாங்கினால் அவர் பெயரிலும் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.