இரவு ஒன்பதுக்குப் பிறகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிள்ளைகள் தூங்கிய பிறகு வாரத்தில் மூன்று இரவுகள், ஒவ்வொன்றிலும் மிஞ்சினால் நாற்பது நிமிடம் கிடைக்கிறது. ஆர்டுவினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் தொடங்கிய நான்கு வேலைகளும் பாதியில் கிடக்கின்றன. விடாமல் செய்ய என்ன வழி? – வாசகர், ஈசூன்

பதில்: நாற்பது நிமிடம் தாராளம். அதில் பாதி, கம்பி தேடுவதிலும் போன வாரம் எங்கே விட்டோம் என்று மண்டையைக் குடைவதிலும் போய்விடுகிறது. ஏ4 தாள் அளவுக்கு ஒரு பிளைவுட் துண்டு எடுங்கள். பிரெட்போர்டையும் (கம்பிகளைச் செருகும் துளைப்பலகை) ஆர்டுவினோவையும் இரட்டைப் பக்க டேப்பால் அதில் ஒட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை ஒரு கம்பியையும் பிடுங்கக் கூடாது. பலகையை அப்படியே மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள், கூடவே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் பிரெட்போர்டின் உள்தகடுகள் மெல்ல மங்கிப்போகும். பிறகு கம்பியை அசைத்தால் வேலை செய்யும், விட்டால் செய்யாது என்ற தொல்லை வரும். சிவப்பு 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு. இந்த இரண்டு நிறத்தையும் வேறெதற்கும் தொடாதீர்கள்.

எழுந்திருக்கும் முன் பெட்டி மூடியில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், என்ன நடந்தது, அடுத்து எது. ‘பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இரண்டு மூன்றாக எண்ணுகிறது. 50 மில்லிசெகண்ட் தாமதம் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்தது அதுதான்’ என்பதுபோல. அடுத்த படி தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துவது நல்லது. முட்டுச்சந்தில் நிறுத்தினால் மறுபடி பெட்டியைத் திறக்க மனசு வராது.

மற்ற மூன்று வேலைகளையும் பிரித்துப் பாகங்களை எடுத்து வைத்துவிடுங்கள். வலிக்கத்தான் செய்யும்.

கேள்வி: தாழ்வாரத்தில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு இஎஸ்பி32 (வைஃபை உள்ள மின்னணுப் பலகை) போர்டில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் வைத்தேன். தனியாகச் சோதித்தபோது அளவு சரியாக வந்தது. வைஃபை வழியாகக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் நிரலைச் சேர்த்ததும் அளவே வரவில்லை. சென்சாரை மாற்றியும் பயனில்லை. சிக்னல் கம்பியை 25ஆம் எண் பின்னில் (போர்டில் கம்பி இணைக்கும் கால்) கொடுத்திருக்கிறேன். – வாசகர், செங்காங்

பதில்: சென்சார்மீது குற்றமில்லை, பின் எண்தான் தப்பு. அந்தச் சிப்பில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிகள் இரண்டு இருக்கின்றன. 0, 2, 4, 12 முதல் 15 வரை, 25 முதல் 27 வரையுள்ள பின்கள் இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை. வைஃபையும் அதே பகுதியைப் பயன்படுத்துவதால், வைஃபை ஓடும்போது உங்களுக்கு அது கிடைக்காது. சிக்னல் கம்பியை 34க்கு மாற்றி, நிரலிலும் எண்ணைத் திருத்துங்கள். 32 முதல் 39 வரை முதல் பகுதி, வைஃபை அதைத் தொடாது. ஒன்று நினைவிருக்கட்டும்: 34, 35, 36, 39 உள்ளீட்டுக்கு மட்டுமே. நாளைக்குத் தண்ணீர் மோட்டாருக்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைக்க நினைத்தால் அதை இவற்றில் கொடுக்க முடியாது. 12ஆம் பின்னையும் தவிர்த்துவிடுங்கள். போர்டு விழிக்கும் நேரத்தில் அதில் 3.3 வோல்ட் இருந்தால் நிரல் பதிந்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட்தான் போகும், போர்டு எழுந்திருக்காது.

வைஃபை சேர்த்த பிறகு போர்டு தானாக மறுபடி மறுபடி தொடங்கினால் அது வேறு நோய். வைஃபை அனுப்பும் கணத்தில் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். நீளமான, மெல்லிய யூஎஸ்பி கம்பியில் அப்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். குட்டையான, தடித்த கம்பிக்கு மாறுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் உதிரி) ஒன்று வையுங்கள். கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு.

முள்கரண்டி மாதிரி இரண்டு கால் வெளியே தெரிகிற சென்சாரா உங்களுடையது? ஈர மண்ணில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் ஒரு கால் அரித்துப்போகும். உலோகம் மண்ணைத் தொடாத கெபாசிட்டிவ் வகை வாங்குங்கள். அதிலும் வெட்டிய ஓரங்கள் வழியாகப் பலகைக்குள் நீர் ஊறும், அளவு வாரத்துக்கு வாரம் நகரும். ஓரங்களுக்கு நகப்பூச்சு இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். மேலே சிறு சிப்புகள் இருக்கும் பகுதி மண்ணுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், சாரல் படாமல் மூடியும் இருக்க வேண்டும்.

கடைசியாக அளவு பொருத்துவது. காற்றில் பிடித்து ஓர் எண், கோடுவரை தண்ணீரில் நிறுத்தி ஓர் எண், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்திருந்தால் எண் கூடும், ஈரமென்றால் குறையும். ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை படித்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை எடுங்கள். ஒரே ஒரு தடவை படித்த எண்ணை நம்ப முடியாது. உதிரிகளுக்குச் சிம் லிம் டவர் போங்கள். பக்கத்திலுள்ள சிம் லிம் சதுக்கத்தில் பெரும்பாலும் கணினிக் கடைகள்தான்.

கேள்வி: பைத்தான் நிரல்மொழி கற்கிறேன். தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. மூன்றுதானே? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பைத்தான் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோட் (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறை) குறியீட்டை எண்ணுகிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி: ஆக ஐந்து. இதனால்தான் சொல்லைத் திருப்பிப் போட்டாலும் கெடும். புள்ளி அநாதையாக முன்னால் நிற்க, பின்னால் ‘ழிமத’ என்று வரும். உங்களுக்கு வேண்டியது ‘ழ்மித’.

ஒவ்வொரு குறியீடாகப் பாருங்கள். பைத்தானோடு வரும் யூனிகோடேட்டா தொகுதியில் அதன் வகையைக் கேட்டால், புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் வகைப் பெயர் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும். அப்படி வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் புது எழுத்து. ஐந்தாறு வரிதான். ஓபன்–தமிழ் என்ற தொகுதியில் இது ஆயத்தமாகவே கிடைக்கும் என்றாலும் கற்பவர் ஒருமுறை தாமே எழுதுவது மேல்.

அதற்கு முன் ஒரு படி: எல்லாச் சொல்லையும் என்எஃப்சி (ஒரே எழுத்தை ஒரே விதமாகக் குறிக்கும் யூனிகோட் வடிவம்) முறைக்கு மாற்றுங்கள். ‘கொ’வின் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும், ஒப்பிட்டால் வேறு என்று வரும். சரியான விடை சொன்ன ஆட்டக்காரருக்கு உங்கள் நிரல் ‘தவறு’ என்று சொல்லும். ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். அதை இருவேறு முதல் எழுத்தால் எழுதலாம், என்எஃப்சியும் அவற்றை ஒன்றாக்காது. ‘க்ஷ’வை ஓர் எழுத்தாக எண்ணுவதா இரண்டாகவா என்பதையும் ஆட்டத்தின் விதியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வேலைக்காக அங்கி (Anki) என்ற நினைவட்டைச் செயலியில் சீனச் சொற்கள் படித்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் விட்டதில் மீள்பார்க்க வேண்டிய 740 அட்டைகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கலாமா? – வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: அழிக்காதீர்கள். புது அட்டைகளைச் சுழியமாக்கி, மீள்பார்வையை நாளுக்கு 60 என்று வரம்பிடுங்கள். அட்டைக்கு எட்டு விநாடி, ஆக எட்டு நிமிடம், ரயிலிலேயே முடிந்துவிடும். 740ஐ 60ஆல் வகுத்துப் பன்னிரண்டு நாள் என்று கணக்குப் போடாதீர்கள். பார்த்த அட்டைகளும் திரும்ப வருமே, அதனால் ஒரு மாதம்போல் ஆகும். பிறகு நாளுக்கு 5 புது அட்டை போதும். செயலி தானாக வைத்திருக்கும் 20ஐ அப்படியே விட்டதுதான் முதல் தவறு. நாளுக்கு 20 புதிது என்றால் சில வாரங்களில் மீள்பார்வை 150, 200 என்று ஏறிவிடும்.

மறந்த அட்டைக்கு ‘கடினம்’ பொத்தானை அழுத்தும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். செயலி அதைத் தெரிந்த கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எட்டு முறை தவறிய அட்டையைச் செயலியே அடையாளமிடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அதைத் திரும்பக் கொண்டுவராமல் மாற்றி எழுதுங்கள். வாங்குவதற்கும் விற்பதற்கும் ‘மாய்’ என்ற ஒரே ஒலிதான். முன்னது மூன்றாம் தொனி, பின்னது நான்காம் தொனி. தனித்தனி அட்டையாக வைத்தால் ஆயுளுக்கும் குழம்பும். இரண்டும் வருகிற ஒரே வாக்கியத்தை ஒலிப்பதிவோடு வையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 43. அரசின் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்) கருவி வாங்க முடியுமா? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: முடியாது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குக் கொடுத்த அந்தத் தொகை, தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சி வகுப்புகளின் கட்டணத்துக்கு மட்டும். அது காலாவதி ஆவதில்லை, அவசரப்பட்டு ஏதோ ஒரு வகுப்பில் கொட்ட வேண்டாம். கருவியைச் சொந்தக் காசில் வாங்குங்கள். வெப்பத்தை மாற்றக்கூடியதாகவும், முனையைக் கழற்றி மாற்றக்கூடியதாகவும் இருந்தால் சரி.